சடைச்சிக்கு யார் முடி வெட்டுவது?

சடைச்சி என்ற கரடி ஒரு புற்றில் வாயை வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. வெகுநேரம் உறிஞ்சியும் ஒரு கறையான்கூட வாய்க்கு வரவில்லை.

"அம்மா, அது புற்று இல்லை! பாறை!" என்று முதுகின் மேலிருந்து ஒரு குட்டி கத்தியது.

"புற்று அந்தப் பக்கம் இருக்கும்மா!" என்று இன்னொரு குட்டி சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னது.

கத்தியது நாவல். சிரித்தது இலந்தை. சடைச்சி தனக்குப் பிடித்த இரண்டு பழங்களின் பெயரையே தன் குட்டிகளுக்கு வைத்திருந்தது. நாவல் ஆண், இலந்தை பெண். இரண்டும் நாள் முழுக்கத் தாயின் முதுகிலேயே சவாரி செய்யும். நீளமாகத் தொங்கும் முடியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டால், தாய் எங்கே ஓடினாலும் விழாது.

அந்த முடியால்தான் சடைச்சி என்ற பெயரே வந்தது. கன்னங்கரேலென்று, அடர்த்தியாக, பார்க்க அம்சமாகத்தான் இருக்கும். ஆனால் இப்போது நெற்றி முடி வளர்ந்து மூக்குவரை வந்துவிட்டது. எதிரே நிற்பது புற்றா பாறையா என்றுகூடத் தெரியவில்லை.

முன்பெல்லாம் இந்தக் கஷ்டம் இல்லை. பக்கத்து மடுவில் ஒரு நண்டு இருந்தது. மாதம் ஒருமுறை சடைச்சி கரையில் தலையை வைத்துப் படுத்துக்கொள்ளும். நண்டு கொடுக்கால் நறுக் நறுக்கென்று நெற்றி முடியைக் கத்தரித்துவிடும். இந்தக் கோடையில் மடு வற்றிப்போனது. "தண்ணி இருக்கிற இடத்துக்குப் போறேன் தாயி, கோவிச்சுக்காதே" என்று சொல்லிவிட்டு, நண்டு ஓடையோடு கீழே இறங்கிப் போய்விட்டது.

பாறையை விட்டுவிட்டு சடைச்சி புற்றைத் தேடி நடந்தது. நான்கு எட்டு வைத்திருக்கும். ஐந்தாவது எட்டுக்குத் தரையே இல்லை!

அது ஒரு பெரிய பள்ளத்தின் விளிம்பு. கல்லும் மண்ணும் சரசரவென்று கீழே உருண்டன. குட்டிகள் வீலென்று அலறின. சடைச்சி நகங்களை ஒரு மரவேரில் குத்தி, மூச்சைப் பிடித்து, எப்படியோ மேலே ஏறி வந்தது.

"சரி, போதும்! இன்னைக்கே முடி வெட்டுறதுக்கு ஒரு நல்ல ஆளைத் தேடிப் பிடிக்கணும்" என்று தீர்மானம் செய்தது.

காட்டு மிருகங்கள் எல்லாம் தண்ணீர் குடிக்க வரும் சுனை ஒன்று இருந்தது. அங்கே போனால் எந்தச் சேதியும் கிடைக்கும். சடைச்சி போனபோது சுனைக்கு மேலே கிளையில் ஒரு மந்தி உட்கார்ந்திருந்தது.

"மந்தியக்கா, இந்தக் காட்டுல நல்லா முடி வெட்டுறது யாரு?"

"இது தெரியாதா? சிங்காரக் கிளிதான்! பெரிய ஆலமரத்தடியில கடை போட்டிருக்கு. போனவங்க எல்லாம் ஆளே மாறிப்போய் வர்றாங்க! நீ கண்ணை மூடிக்கிட்டுப் போ!"

"கண்ணு ஏற்கெனவே மூடித்தான் கிடக்கு" என்றது சடைச்சி. "நீ அங்கே வெட்டிக்கிட்டியா அக்கா?"

"நானா? எனக்கு எங்கே நேரம்?" என்று மந்தி வேறு கிளைக்குத் தாவிவிட்டது.

சடைச்சிக்கு ஒரு குணம் உண்டு. எந்தக் கல்லைப் பார்த்தாலும் அதன் அடியில் என்ன இருக்கிறது என்று புரட்டிப் பார்த்தாக வேண்டும். வெட்டிக்கொள்ளாத மந்திக்கு அருமை எப்படித் தெரிந்தது என்ற கேள்வி மனதில் உட்கார்ந்துகொண்டது. யோசித்தபடியே ஆலமரத்தை நோக்கி நடந்தது.

ஆலமரத்தடியில் ஒரே கலகலப்பு! நடுவில் ஒரு தட்டைக் கல். அதன் மேல் ஒரு கடமான் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் தோளில் சிங்காரக் கிளி நின்று, வளைந்த அலகால் பிடரி முடியை மளமளவென்று வெட்டித் தள்ளிக்கொண்டிருந்தது. மேலே கிளைகளில் கொண்டைக்குருவிகள் கூட்டமாக உட்கார்ந்து கூவின.

"ஆஹா! என்ன அழகு!"

"இளமை திரும்பிடுச்சே!"

"இன்னும் கொஞ்சம் எடுங்க! இன்னும் எடுங்க!"

கிளி நிமிர்ந்து சடைச்சியைப் பார்த்தது. அதன் கண்கள் பளபளத்தன.

"அடடா! வாங்கக்கா, வாங்க! இவ்வளவு முடியை வச்சுக்கிட்டு எப்படி இருந்தீங்க? இந்தக் கடமானை முடிச்சதும் நீங்கதான். தலையில இருந்து வால் வரைக்கும் வழிச்சு எடுத்துடறேன்! உங்களை உங்க குட்டிகளுக்கே அடையாளம் தெரியாது!"

"ஐயையோ, அடையாளம் தெரியாதா?" என்று இலந்தை பயந்து முடியை இன்னும் இறுக்கிப் பிடித்தது.

"அப்படின்னா அவ்வளவு அழகா இருப்பாங்கன்னு அர்த்தம், குட்டி!" என்று கிளி சிரித்தது.

மேலே குருவிகள் ஒரே குரலில் கத்தின. "கரடியக்கா வந்தாச்சு! கரடியக்கா வந்தாச்சு! எல்லாத்தையும் எடுங்க!"

சடைச்சி நெற்றி முடியை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தது. கடமானின் முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. விழுந்த முடி தரையில் இருக்கவேண்டுமே? இல்லை! மறுபடி பார்த்தால் தரை சுத்தமாக இருந்தது.

"கிளித் தம்பி, வெட்டின முடியெல்லாம் எங்கே போகுது?"

"அதெல்லாம் காத்துல போயிடும் அக்கா."

"காத்தே அடிக்கலையே?"

"நீங்க உட்காருங்க அக்கா! முடியைப் பத்தி நமக்கு என்ன?" என்றது கிளி.

சடைச்சிக்கு அதற்கு மேல் உட்காரத் தோன்றவில்லை. முடி எங்கே போகிறது என்று தெரியாவிட்டால் அன்றைக்குத் தூக்கம் வராது.

"நாளைக்கு வரேன் தம்பி. பசங்களுக்குப் பசிக்குது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியது.

"நாளைக்குக் கட்டாயம் வந்துடுங்க!" என்றது கிளி. அதைவிடச் சத்தமாகக் குருவிகள், "கட்டாயம் வந்துடுங்க!" என்றன.

சடைச்சி ஒரு புதருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. சற்று நேரத்தில் ஒரு கொண்டைக்குருவி கீழே இறங்கியது. கடமானின் முடியில் ஒரு கொத்தை வாயில் கவ்விக்கொண்டு விர்ரென்று பறந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று.

"நாவல், எனக்குக் கண்ணு தெரியலை. குருவி எந்தப் பக்கம் போகுதுன்னு பார்த்துச் சொல்லு!"

"வலது பக்கம்மா! இப்போ நேரா! அம்மா, முன்னால மரம்!"

முட்டியும் மோதியும் சடைச்சி ஒரு காரைச் செடிப் புதர்வரை போனது. நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தது. கிண்ணம் போல ஓர் அழகான கூடு! உள்ளே முடியால் மெத்தை போட்டிருந்தது. காட்டுப்பன்றியின் முரட்டு மயிர் வெளிப்புறம். அதற்குள் கடமான் முடி. எல்லாவற்றுக்கும் நடுவில், சாம்பல் நிறத்தில் மெல்லிய முடி.

உள்ளே இரண்டு குருவிகள் பேசிக்கொண்டிருந்தன.

"பன்றி மயிர் குத்துது. நாளைக்குக் கரடி முடி வந்துடும், கவலைப்படாதே."

"கிளி கொஞ்சமா வெட்டி விட்டுட்டா?"

"நாம விடுவோமா? 'இன்னும் எடு, இன்னும் எடு'ன்னு கத்தினா போதும். நாம ஆஹான்னு சொன்னா கிளிக்குத் தலைகால் புரியாது!"

சடைச்சி சத்தமில்லாமல் பின்வாங்கியது. "ஓஹோ! புகழ்றவங்களுக்கு மெத்தை வேணுமாம்!" என்று தனக்குள் சொல்லிக்கொண்டது. இருந்தாலும் கிளியின் வேலை மோசம் என்று அதிலிருந்து தெரியவில்லையே. குருவிகள் மெத்தைக்காகப் புகழலாம். வேலையும் நன்றாகவே இருக்கலாம். வெட்டிக்கொண்டவரைக் கேட்டால்தான் தெரியும்.

"அந்தச் சாம்பல் நிற முடி யாரோடது?" என்று யோசித்தது.

"கீரி மாமாவோடது!" என்றது இலந்தை. "போன வாரம் அவர் கிளிகிட்ட வெட்டிக்கிட்டாராம். முயல் சொல்லிச்சு."

கீரியைத் தேடிப் போனார்கள். எங்கும் காணவில்லை. கடைசியில் ஒரு முட்புதருக்குள் அது ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. உடம்பு முழுக்க முடி ஒட்ட வெட்டப்பட்டு, ஒல்லியாக, வழவழவென்று இருந்தது. ஒரு வண்டை மென்றுகொண்டிருந்தது.

"கீரித் தம்பி, முடி வெட்டினியாமே? எப்படி இருக்கு?"

கீரி சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தது. "பிரமாதம் அக்கா! உடம்பே லேசாயிடுச்சு! பார்க்கிறவங்க எல்லாம் கண்ணு வைக்கிறாங்க!"

"அப்புறம் ஏன் முள்ளுக்குள்ள உட்கார்ந்து வண்டு தின்னுக்கிட்டு இருக்கே?"

"வண்டு... வண்டுதான் இப்போ எனக்குப் பிடிக்குது."

அந்த நேரம் பார்த்துச் சருகுகள் சலசலத்தன. ஒரு நல்லபாம்பு நிதானமாக ஊர்ந்து வந்தது. மறு நொடி கீரி துள்ளிக் குதித்து சடைச்சியின் கால்களுக்கு நடுவில் போய் ஒளிந்துகொண்டது!

பாம்பு தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தது. சிரித்ததோ என்னவோ, நாக்கை நீட்டிவிட்டுத் தன் வழியே போனது.

குட்டிகள் வாயைப் பிளந்தன. பாம்பைக் கண்டு பயந்த கீரியை அவை அதுவரை பார்த்ததில்லை.

"என்னடா தம்பி இது?" என்று சடைச்சி மெதுவாகக் கேட்டது.

கீரியின் கண்கள் கலங்கிவிட்டன. "அக்கா, சண்டைக்கு நின்னா என் முடியெல்லாம் சிலிர்த்துக்கும். நான் பெருசாத் தெரிவேன். பாம்பு ஏமாந்து முடியைக் கொத்தும். பல்லு உடம்புல படாது. அதுதான் என் கவசம். கிளி அதைத்தான் வெட்டிடுச்சு. இனிமே முடி வளர்ற வரைக்கும் வண்டுதான்."

"கிளிகிட்ட அதைச் சொல்லலையா?"

"அது கேட்கவே இல்லை. நானும் சொல்லலை. மேலே அத்தனை பேர் ஆஹான்னு கத்தும்போது வாய் திறக்க வரலை."

"சரி, அப்புறம் எங்ககிட்ட ஏன் பிரமாதம்னு சொன்னே? நானும் நம்பிப் போய் உட்கார்ந்திருந்தா?"

கீரி தலையைக் குனிந்துகொண்டது. "எல்லாரும் நல்லா இருக்குன்னு சொல்றாங்க. நான் ஒருத்தன் மட்டும் ஏமாந்தேன்னு எப்படிச் சொல்றது? வெட்கமா இருந்துச்சு அக்கா."

சடைச்சிக்குக் கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது. தன் முதுகைத் திரும்பிப் பார்த்துக்கொண்டது. தலையில் இருந்து வால் வரைக்கும் வழித்திருந்தால், நாவலும் இலந்தையும் எதைப் பிடித்துக்கொண்டிருக்கும்?

"ஆனா எனக்கு நெற்றி முடியை வெட்டியாகணுமே! வேற யாருதான் இருக்காங்க?"

கீரி யோசித்தது. "நரியோட வாலைக் கவனிச்சிருக்கீங்களா? எந்தக் காலத்துலயும் ஒரு சிக்கு இருக்காது, ஒரு முள் ஒட்டியிருக்காது. அது யாரோ ஒருத்தர்கிட்ட போகுது. யாருன்னு மட்டும் சொல்லவே மாட்டேங்குது."

சடைச்சிக்கு உற்சாகம் பொங்கியது. ரகசியம் என்றால் அதற்கு அல்வா மாதிரி!

நரி ஒரு பாறை நிழலில் படுத்திருந்தது. வால் மட்டும் வெயிலில் பஞ்சு மாதிரி பரந்து கிடந்தது.

"நரியண்ணே, வால் நல்லா இருக்கே! யார் வேலை?"

"யார் வேலையும் இல்லை. பிறவியிலேயே இப்படித்தான்."

"சும்மா சொல்லுங்க அண்ணே."

"சொல்றேனே, பிறவி அழகு! எங்க பரம்பரைக்கே வால் இப்படித்தான்!"

அதற்குள் நாவல் கீழே இறங்கி, நரியின் வாலைச் சுற்றி மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தது. வாலுக்குள் கையை விட்டு எதையோ உருவியது.

"அம்மா, இதைப் பாரு!"

நீளமான ஒரு முள்! கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக இருந்தது.

"முள்ளம்பன்றி!" என்றது சடைச்சி.

நரி துள்ளி எழுந்தது. "மெதுவா! மெதுவா பேசு! காடு முழுக்கக் கேட்டுடப் போகுது!"

"ஏன் அண்ணே, நல்ல ஆளை இப்படியா மறைச்சு வைப்பாங்க?"

"பின்னே? எல்லாருக்கும் தெரிஞ்சா அங்கே கூட்டம் கூடிடும். அப்புறம் நான் எத்தனை நாள் காத்துக்கிடக்கிறது? நல்லா முடி வெட்டுறவங்க கிடைச்சா வாயைத் திறக்கக் கூடாது!" என்று சொல்லிவிட்டு, நரி முள்ளைப் பிடுங்கிப் பாறை இடுக்கில் ஒளித்துவைத்தது.

முள்ளம்பன்றியின் வளை ஓடைக்கு அந்தப் பக்கம், பெரிய கற்களுக்கு அடியில் இருந்தது. சடைச்சி போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முள்ளம்பன்றி அப்போதுதான் தூங்கி எழுந்து வெளியே வந்து சோம்பல் முறித்தது. முட்கள் கலகலவென்று ஒலித்தன. குட்டிகள் தாயின் முடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டன.

"யாரு?"

"நான் சடைச்சி. முடி வெட்டணும்."

"எந்த முடி?"

"தலை முடிதான்... உடம்பு முடியும்தான்... எனக்கே சரியாத் தெரியலை."

"தெரிஞ்சுக்கலாம். உட்காரு. ராத்திரி எந்தப் பக்கமா படுப்பே?"

"வலது பக்கம்."

"மழையில நனைஞ்சா எங்கே கடைசியாக் காயும்?"

"வயித்துக்கிட்ட. நாத்தம்கூட வரும்."

"மரம் ஏறும்போது காலு வழுக்குதா?"

"ஆமா. உள்ளங்கால்ல முடி வளர்ந்திருக்கு."

"தேன் எடுக்கும்போது ஈ எங்கே கொட்டும்?"

"மூக்குல மட்டும். கழுத்துப் பக்கம் வந்தா முடிக்குள்ள சிக்கிக்கிட்டு ரீங் ரீங்னு கத்தும். தோலுக்கு வராது." சடைச்சிக்குப் பொறுமை போய்விட்டது. "ஏன்க்கா, நீங்க முடி வெட்டப் போறீங்களா, இல்லை பொண்ணு பார்க்கப் போறீங்களா? இவ்வளவு கேள்வி எதுக்கு?"

"கேட்காம வெட்டினா வெட்டினதை ஒட்ட வைக்கத் தெரியணும். எனக்கு ஒட்ட வைக்கத் தெரியாது" என்றது முள்ளம்பன்றி. "அது யாரு உன் முதுகுல?"

"என் பிள்ளைங்க."

"ரெண்டு பேரையும் பிடிச்சுக்கச் சொல்லு. இந்தக் கல்லைச் சுத்தி ஓடு."

"ஓடணுமா?"

"ஓடு!"

சடைச்சி ஓடியது. முள்ளம்பன்றி தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தது. நாவலின் கைகள் தோள்பட்டை முடியைப் பிடித்திருந்தன. இலந்தையின் கைகள் நடு முதுகில் இருந்தன. திரும்பும்போது மட்டும் இலந்தை ஒரு கையை விட்டுக் கழுத்தைப் பிடித்தது.

"போதும், நில்லு. தோள், நடு முதுகு, கழுத்து. இது மூணும் எனக்கு இல்லை, உனக்கும் இல்லை. அது உன் பிள்ளைங்களோடது. அங்கே என் பல்லு படாது."

பிறகு வேலை தொடங்கியது. தன் முட்களில் வழவழப்பான ஒன்றை எடுத்துச் சீப்பாக வைத்துக்கொண்டது. வயிற்றுச் சிக்கைப் பொறுமையாகப் பிரித்தது. உள்ளங்கால் முடியை வெட்டியது. கடைசியில் நெற்றி முடியை நுனிப்பல்லால் கத்தரித்தது.

"முடிஞ்சுது. எழுந்திரு."

சடைச்சி கண்ணைத் திறந்தது. எதிரே கல், கல்லின் மேல் எறும்பு, எறும்பின் வாயில் ஒரு விதை! எல்லாம் தெரிந்தது. ஆசையோடு ஓடைக்குப் போய்த் தண்ணீரில் தன்னைப் பார்த்துக்கொண்டது. முகம் வாடிவிட்டது.

"என்னக்கா இது? நெத்தியைத் தவிர எல்லாம் பழைய மாதிரியே இருக்கு! புதுசா ஒண்ணுமே இல்லையே? யாராவது பார்த்தா முடி வெட்டினேன்னு சொல்லக்கூட மாட்டாங்க!"

"ரெண்டு நாள் இருந்து பாரு. பிடிக்கலைன்னா வந்து திட்டு. நான் இங்கேதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு, முள்ளம்பன்றி கிழங்கு தோண்டப் போய்விட்டது.

சடைச்சி அரை மனதோடு வீட்டுக்குப் போனது. கிளியிடமே போயிருக்கலாமோ என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. கடமானுக்குக் கிடைத்த ஆரவாரத்தில் பாதியாவது கிடைத்திருக்குமே!

மறுநாள் காலை மூவரும் இலுப்பை மரத்தடிக்குப் போனார்கள். தரை முழுக்கப் பூ உதிர்ந்து கிடந்தது. குட்டிகள் இறங்கி ஓடி ஓடிப் பொறுக்கித் தின்றன. சடைச்சியும் குனிந்து தின்றுகொண்டிருந்தது. நடுவில் தற்செயலாகத் தலையைத் தூக்கியது.

தூரத்துப் புல்லில் இரண்டு காதுகள் தெரிந்தன. காதுகளுக்குக் கீழே இரண்டு மஞ்சள் கண்கள்.

சிறுத்தை! அது பார்த்துக்கொண்டிருந்தது சடைச்சியை அல்ல, இலந்தையை.

"ஏறுங்க!" என்று சடைச்சி உறுமியது.

குட்டிகள் கேள்வி கேட்கவில்லை. தாவி ஏறி முடியைப் பற்றிக்கொண்டன. சடைச்சி பாறைச் சரிவை நோக்கிப் பாய்ந்தது. பின்னால் புல் கிழியும் சத்தம் கேட்டது. சரிவு செங்குத்தாக இருந்தது. ஆனால் உள்ளங்கால் வழுக்கவில்லை. மேலே, மேலே, இன்னும் மேலே! குட்டிகள் காற்றில் ஆடின. ஆனால் கை விடவில்லை.

பாதிச் சரிவில் சிறுத்தை எட்டிப் பிடித்துவிட்டது. பாய்ந்து கழுத்தில் ஓங்கி அறைந்தது. நகங்கள் அடர்ந்த முடிக்குள் சிக்கின, தோலைத் தொடவில்லை. சடைச்சி ஒரு திருப்பு திரும்பி, பின்னங்காலில் எழுந்து நின்றது. உடம்பு முடி முழுவதும் சிலிர்த்துக்கொள்ள, ஒரு கரும்பாறையே எழுந்து நின்றது போல இருந்தது. காடே அதிரும்படி ஒரு கத்தல் கத்தியது!

சிறுத்தை பின்னால் சறுக்கியது. நகத்தில் ஒரு கொத்து முடிதான் மிச்சம். அதைப் பார்த்தது, சடைச்சியைப் பார்த்தது. பிறகு ஒன்றும் நடக்காதது போல வேறு பக்கம் நடந்துவிட்டது.

சடைச்சி உச்சிக்குப் போய்ப் பொத்தென்று உட்கார்ந்தது. குட்டிகளை முன்னால் இழுத்து, இரண்டையும் நக்கி நக்கிப் பார்த்தது. ஒரு கீறல்கூட இல்லை. அப்போதுதான் அதற்கு அழுகை வந்தது.

சாயங்காலம் சுனைக்குப் போனபோது எல்லோரும் அங்கே இருந்தார்கள். மந்தி கிளையிலிருந்து எட்டிப் பார்த்தது.

"ஏன் சடைச்சி, கிளிகிட்ட வரேன்னு சொல்லிட்டுப் போகலையாமே? இந்தக் கழுத்துல ஒரு கொத்து காணோமே, இது யார் வெட்டினது? கோணலா இருக்கே!"

"அதுவா? அது சிறுத்தை வெட்டினது!"

எல்லோரும் திடுக்கிட்டார்கள். சடைச்சி நடந்ததை எல்லாம் சொன்னது. குருவிக் கூட்டில் கேட்டதையும் சொன்னது. முள்ளம்பன்றி இருக்கும் இடத்தையும் சொன்னது. நரி பின்னாலிருந்து, "போச்சு! எல்லாம் போச்சு!" என்று முனகியது.

கீரியைப் பற்றி மட்டும் சடைச்சி வாய் திறக்கவில்லை. சொல்வதானால் அது கீரியே சொல்லவேண்டிய விஷயம்.

அப்போது கூட்டத்தின் ஓரத்திலிருந்து கீரி முன்னால் வந்தது.

"நான் எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன். எனக்குப் பிடிக்கலை. முடி போனதுல இருந்து பாம்பைக் கண்டு ஓடி ஒளியறேன்!"

"எனக்கும்தான்!" என்று காட்டுப்பன்றி உறுமியது. "பிடரி மயிர் போனதுல இருந்து ஈ பிடுங்குது. சேத்துலயே கிடக்கிறேன்!"

"எனக்கு ஒரே நாள்ல கழுத்தெல்லாம் உண்ணி" என்றது கடமான் மெல்லிய குரலில்.

சிங்காரக் கிளி அப்போது அங்கேதான் இருந்தது. எல்லோரும் அதைத் திரும்பிப் பார்த்தார்கள். அதன் இறக்கைகள் தொங்கிப்போயின.

"அழகுன்னு சொன்னீங்களே!" என்றது கிளி. "ஒருத்தர்கூட என்கிட்ட உண்மையைச் சொல்லலையே! போகும்போது எல்லாரும் சிரிச்சுக்கிட்டுத்தானே போனீங்க?"

கீரி தரையைப் பார்த்தது. மந்தி வாலைத் தடவிக்கொண்டது. கிளி கேட்டதிலும் நியாயம் இருந்தது.

"சொல்லியிருக்கணும், தம்பி" என்றது சடைச்சி. "ஆனா நீயும் கேட்டிருக்கணும்."

கிளி பறந்துவிட்டது.

மறுநாள் ஆலமரத்தடி வெறிச்சோடிக் கிடந்தது. உச்சிப்பொழுதுக்கு ஒரு கிழட்டுக் குரங்கு மட்டும் முந்தின நாள் சேதி எதுவும் தெரியாமல் வந்து கல்லில் உட்கார்ந்தது. தாடையைச் சுற்றி அதற்கு வெள்ளைத் தாடி அடர்ந்திருந்தது.

"வெட்டுங்க! வெட்டுங்க! எல்லாத்தையும் எடுங்க!" என்று குருவிகள் மேலிருந்து கூவின.

கிளி அலகைத் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. விர்ரென்று மேலே பறந்து, குருவிகளை ஒன்றுவிடாமல் கிளையை விட்டு விரட்டியது. திரும்பி வந்து குரங்கின் தோளில் உட்கார்ந்தது.

"ஐயா, இந்தத் தாடி உங்களுக்கு எதுக்கு உதவுது?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டது.

"மார்கழிப் பனிக்கு இதுதானே எனக்குக் கம்பளி!" என்றது குரங்கு.

"அப்போ நுனியை மட்டும் எடுக்கிறேன். வலிச்சாலும் பிடிக்கலைன்னாலும் என் மூஞ்சிக்கு நேரா சொல்லிடணும், சரியா?"

புகழ்கிறவர் எதற்காகப் புகழ்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகே, நம்மை ஒருவர் கையில் ஒப்படைக்க வேண்டும்.